தேர்வுக்குப் பின்னும் இரண்டு ஆண்டுகள்

நள்ளிரவில் ஒரு விவசாயியைத் தூக்கி வருகிறார்கள். வயிறு பலகைபோல் இறுகியிருக்கிறது. எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிகிறது. அல்சர் முற்றி முன்சிறுகுடலில் ஓட்டை விழுந்துவிட்டது. வயிற்றைத் திறந்து, உள்ளே பரவிய கசிவைக் கழுவி, வபை என்னும் கொழுப்பு மடிப்பை இழுத்து ஓட்டையின் மேல் வைத்துத் தைக்க வேண்டும். தர்மபுரியானாலும் வவுனியாவானாலும் இதைச் செய்பவர் பொது அறுவை சிகிச்சை நிபுணர்தான். எப்போது திறப்பது, நோயாளி தாங்குவாரா, எதோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவெடுப்பதுதான் தையல் போடுவதைவிடக் கடினம். அந்தத் தெளிவை வரவழைக்கும் விதத்தில் இந்தியாவும் இலங்கையும் வேறுபடுகின்றன.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. எழுதி, 3 ஆண்டுகள் எம்.எஸ். படிக்கிறார்கள். ஆய்வேடு உண்டு, 3 மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணி உண்டு. இறுதித் தேர்வில் தேறிவிட்டால் தனியாக ஆபரேஷன் செய்யத் தடையில்லை. சென்னை, மதுரை அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. கை நன்றாகப் பழகிவிடும். ஆனால் எல்லாக் கல்லூரிகளுக்கும் அந்த வசதி இல்லை. வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்தே காலம் கழித்தவருக்கும் கிடைப்பது அதே பட்டம்தான்.

இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவகமே நாடு முழுமைக்கும் பயிற்சி தருகிறது. அறுவை சிகிச்சையில் எம்.டி. தேறியவர் உடனே நிபுணராகிவிட முடியாது. மேலும் 2 ஆண்டுகள் சீனியர் ரெஜிஸ்ட்ராராக இருக்க வேண்டும். அதில் ஓராண்டு வெளிநாட்டில். இந்த இரண்டு ஆண்டுகளில் முடிவை அவரே எடுப்பார், தடுமாறினால் தாங்க மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். இந்தக் காலம்தான் சர்ஜனை உருவாக்குகிறது என்பேன். வெளிநாட்டு ஆண்டுக்கு மட்டும் விலை அதிகம். போனவர்களில் சிலர் திரும்புவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அது கூடியிருக்கிறது. தொலைதூர ஊர்களின் நோயாளிகள்தான் அந்த விலையைச் சுமக்கிறார்கள். அந்தப் பகுதியை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

இந்தியாவிலும் சீனியர் ரெசிடென்ட் பணி இருக்கிறது. ஆனால் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக விரும்புபவருக்குத்தான் அதில் ஓராண்டு பொதுவாகக் கட்டாயம். சொந்த நர்சிங் ஹோம் தொடங்குபவருக்கு அது வேண்டியதில்லை. பாடம் நடத்தக் கேட்கும் அனுபவத்தை, தனியாக வயிற்றைத் திறக்கக் கேட்காத விதியை என்னால் ஏற்க முடியவில்லை. தேசிய மருத்துவ ஆணையம் அந்த ஓராண்டை எம்.எஸ். முடித்த எல்லா அறுவை மருத்துவருக்கும் கட்டாயமாக்க வேண்டும். முழுச் சம்பளத்தோடு, மாவட்ட மருத்துவமனைகளில், மூத்த சர்ஜனின் கண்காணிப்பில்.