மயக்கமா வருதா, மயக்கம் போட்டுட்டாரா?

108 எதற்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். 104 எதற்கு? யோசிக்கிறீர்கள், பாருங்கள்.

108 தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல். 104 வந்தது 2013 டிசம்பர் கடைசியில். ஏறத்தாழ ஒரு மாமாங்கமாக, இருபத்துநாலு மணி நேரமும் ஆள் உட்கார்ந்து எடுக்கும் இலவச போன் இது. மருத்துவ ஆலோசனை, மனநல ஆலோசனை, எந்த ஆஸ்பத்திரியில் என்ன வசதி, எந்தத் திட்டத்தில் என்ன கிடைக்கும், ஆஸ்பத்திரி மேல் புகார் என்று எல்லாவற்றுக்கும். ஆம்புலன்ஸ் கூப்பிடும் அளவுக்கு அவசரமில்லை, ஆனால் விடியும்வரை பொறுக்கலாமா என்றும் தெரியவில்லை என்கிற இரண்டுங்கெட்டான் வேளைக்கு ஏற்பட்டது.

நம் வீடுகளில் அந்த வேளைக்கு வேறு ஏற்பாடுகள் உண்டு. மாடி வீட்டு அக்கா நர்ஸாக இருந்தவர். சித்தப்பா மகன் மெடிக்கல் ரெப். மைத்துனர் அமெரிக்காவில் டாக்டர், அவருக்கு அப்போது பகல், ஆகவே தைரியமாக எழுப்பலாம். இந்த மூன்றும் இல்லாதவர்கள் தமிழ்நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். 104 அவர்களுடைய மைத்துனர்.

எண்களையும் கொஞ்சம் குழப்பித்தான் வைத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸுக்கு 108, தாய் சேய் வாகனத்துக்கு 102, மனநலத்துக்கு 2022-லிருந்து 14416, அமரர் ஊர்திக்கு 155377. கடைசிக்கு மட்டும் நீளமான எண்ணைக் கொடுத்தவர் விவரமானவர். அதற்கு ஒன்றும் அவசரமில்லை.

சுகாதாரத் துறை அறிவிப்புகளை நான் ஒரு இலக்கிய வகையாகவே படித்து வருகிறேன். அதற்கென்று ஒரு நடை இருக்கிறது. நடவடிக்கைகள் எப்போதும் 'முடுக்கிவிடப்படும்'. மருந்துகள் எப்போதும் 'போதிய அளவு கையிருப்பில்' இருக்கும். பொதுமக்கள் ஒருபோதும் 'பீதியடையத் தேவையில்லை'. பீதி என்ற சொல் தமிழில் இன்னும் உயிரோடு இருப்பதற்கே இந்த அறிவிப்புகள்தான் காரணம். படித்து முடித்ததும் யார் எந்த ஆஸ்பத்திரியை ஆய்வு செய்தார், உடன் யார் நின்றார், எத்தனை குழுக்கள் அமைக்கப்பட்டன என்பதெல்லாம் தெரியும். உங்கள் பையனின் மூன்று நாள் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை எங்கே, எத்தனை மணி வரை என்பது தெரியாது. மேலே இருப்பவர் படித்துத் திருப்தியடைய எழுதிய வாக்கியங்கள் இவை. கீழே இருப்பவன் படிக்க நேர்ந்தால் அது தற்செயல்.

2020-ல் தினம் சாயங்காலம் வந்த கொரோனா அறிக்கை ஞாபகமிருக்கும். மாவட்டவாரியாக எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று பக்கம் பக்கமாக. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் கேள்வி ஒன்றே ஒன்று: எனக்கு வந்திருக்கும் இந்த இருமல் அந்த இருமலா? அதே சமயம் சென்னை மாநகராட்சி காய்ச்சல் முகாம்கள் நடத்தியது. எந்த இடம், எந்த நேரம் என்று வெறும் பட்டியல். அலங்காரமே இல்லாத அந்தப் பட்டியல்தான் என் மதிப்பில் அந்த வருஷத்தின் சிறந்த அரசுத் தமிழ்.

போனில் இந்தச் சௌகரியம் கிடையாது. 'குழந்தை பால் குடிக்க மாட்டேங்குது' என்று எதிர்முனையில் அழுபவரிடம் நடவடிக்கை முடுக்கிவிடப்பட்டுள்ளது என்று சொல்ல முடியாது. ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அரசாங்கம் ஒரு ஆளிடம், அவருடைய சொந்தப் பாஷையில், அவருடைய சொந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அபூர்வமான இடம் அது. எனவே மற்ற சேவைகளைவிட இதை எடை போடும்போது தராசைக் கொஞ்சம் கறாராகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்த மாதிரி போனை நமக்கு முன்னாலேயே பெரிய அளவில் செய்து பார்த்து அடிபட்டவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1998-ல் என்.எச்.எஸ். டைரக்ட் என்று மூன்று இடங்களில் ஆரம்பித்தார்கள். 2000-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. அதில் ஆலோசனை சொன்னவர்கள் அனுபவப்பட்ட நர்ஸுகள். 2010-ல் அவசரமில்லாத கேஸ்களுக்கு என்று 111 என்ற புதிய எண்ணைச் சோதித்தார்கள். இதில் முதலில் பேசுபவர் நர்ஸ் இல்லை. சில வாரப் பயிற்சி பெற்ற ஊழியர். எதிரே கம்ப்யூட்டர். அது கேட்கச் சொல்லும் கேள்வியைக் கேட்பார், பதிலை அமுக்குவார், அடுத்த கேள்வி வரும். சிக்கலாகத் தெரிந்தால் கூடவே பணியிலிருக்கும் நர்ஸுக்கோ டாக்டருக்கோ மாற்றுவார். 2013-ல் நாடு முழுக்க அவசரமாக விரித்தபோது பல ஊர்களில் போனை எடுக்க ஆளில்லாமல் திண்டாடினார்கள். பழைய என்.எச்.எஸ். டைரக்ட் தான் எடுத்திருந்த 111 ஒப்பந்தங்களை நடத்த முடியாமல் விலகி, 2014 மார்ச்சோடு மூடப்பட்டது.

கம்ப்யூட்டர் கேட்கச் சொல்லி மனுஷன் கேட்பதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்தக் கேள்விகளில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. உயிர் போகக்கூடிய விஷயங்களை முதலில் ஒவ்வொன்றாக விலக்கும். மூச்சு விடுகிறாரா, நினைவு இருக்கிறதா, ரத்தம் கொட்டுகிறதா. கடைசியில் வரும் பதிலில் ஒரு கடிகாரம் இருக்கும். இப்போதே ஆம்புலன்ஸ், இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர், ஆறு மணி நேரத்துக்குள், நாளைக்குள், அல்லது வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கூடவே 'இன்னின்ன ஆனால் திரும்பக் கூப்பிடுங்கள்.' 'எதுக்கும் டாக்டரைப் பார்த்துடுங்க' என்பது இந்த போனில் பதிலே இல்லை. எப்போது பார்ப்பது என்று தெரியாமல்தானே கூப்பிட்டார்?

இத்தனை இருந்தும் தவறியது. 2014 டிசம்பரில் கார்ன்வாலில் ஒரு வயதுக் குழந்தை. ரொம்ப நாளாக இருமல், பல முறை டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. அம்மா 111-ஐக் கூப்பிட்டார். 40 டிகிரி செல்சியஸ் இருந்த உடம்புச் சூடு 35-க்கு இறங்கியிருந்தது. மறுநாள் குழந்தை இல்லை. செப்சிஸ் என்கிற, கிருமித் தொற்று உடம்பு முழுவதையும் தாக்கும் நிலை. 2016 ஜனவரியில் வந்த விசாரணை அறிக்கை, டாக்டர்கள் தவறவிட்டதையும் சேர்த்துத்தான் சொன்னது. ஆனால் மறக்க முடியாதது இது: அந்தக் கடைசி அழைப்பை மருத்துவம் தெரிந்த ஒருவர் எடுத்திருந்தால், பின்னால் கேட்ட குழந்தையின் அழுகையை வைத்தே ஆபத்தைப் புரிந்துகொண்டிருக்கலாம். கம்ப்யூட்டரில் அழுகைக்குப் பட்டன் இல்லை.

காய்ச்சல் இறங்கினால் நல்ல சேதி என்றுதான் நாமும் நினைக்கிறோம். டெங்குவில் அது நேர் எதிர். காய்ச்சல் விடும் சமயத்தை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நேரம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், பையன் துவண்டு போய்க் கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி. 'ஜுரம் விட்டுடுச்சு சார், ஆனா சோர்வா படுத்திருக்கான்' என்று ஒரு அம்மா சொன்னால், எடுத்தவருக்கு முதுகு நிமிர வேண்டும்.

இங்கிலீஷிலேயே இந்தக் கதி என்றால் தமிழில் உடம்பைப் பற்றிப் பேசுவது இருக்கிறதே, அது தனி சாஸ்திரம்.

'மயக்கமா வருது' என்றால் பெரும்பாலும் தலைசுற்றல். 'மயக்கம் போட்டுட்டாரு' என்றால் நினைவு தப்பி விழுந்தாயிற்று. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆம்புலன்ஸ் தூரம். பதற்றத்தில் கூப்பிடுகிறவர் 'மயக்கம் சார்' என்று மட்டும் சொல்வார். (தமிழ் சினிமாவில் மயக்கத்துக்கு மூன்றாவது அர்த்தமும் உண்டு. நாடி பிடித்துப் பார்த்த டாக்டர் சிரித்துக்கொண்டே கை கொடுப்பார்.)

இழுப்பு இன்னும் மோசம். குழந்தைக்கு இழுப்பு என்றால் வீஸிங். கை கால் இழுத்துக்கிச்சு என்றால் வலிப்பு. ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு என்றால் பக்கவாதம். ஒரே வினைச்சொல், மூன்று வியாதி. மூன்றாவதில், ரத்தக்கட்டி அடைத்ததுதான் காரணம் என்று ஸ்கேனில் தெரிந்தால், கரைக்கும் ஊசி போட வழக்கமான அவகாசம் நாலரை மணி நேரம். 'எந்த இழுப்பு' என்று கேட்கத் தெரியாதவர் அதில் கால் மணியைத் தின்றுவிடுவார்.

எல்லாவற்றுக்கும் தலைவர் வாயு. நெஞ்சில் பாரமா இருக்கு, தோள்பட்டை வலிக்குது, வேர்க்குது, ராத்திரி பரோட்டா சாப்பிட்டேன், வாயுதான். ஓமத் தண்ணீர் வரும், சோடா வரும், ஜெலுசில் வரும். நடுவில் இரண்டு மணி நேரம் போகும். மாரடைப்பை வாயு என்று நினைத்துத் தாமதிப்பதைப் பற்றிப் புலம்பாத இதய டாக்டரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும் என்பது கூடுதல் கொடுமை. 'வாயு' என்று ஒருவர் சொன்னவுடன் அதை அஜீரணம் என்ற கட்டத்தில் குறித்துக்கொள்கிற மென்பொருள் எவ்வளவு நவீனமாக இருந்தும் பிரயோஜனமில்லை.

கேட்கும் முறையும் அப்படித்தான். 'மூச்சுத் திணறல் இருக்கிறதா?' என்று புத்தகத் தமிழில் கேட்டால், 'அதெல்லாம் இல்லீங்க, லேசா மூச்சு வாங்குது' என்று பதில் வரும். திணறல் என்பது பேப்பரில் வரும் வார்த்தை. தன் அம்மாவுக்கு அது வந்திருப்பதாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விவரம் தெரிந்தவர் வேறு மாதிரி கேட்பார். 'பெரியம்மாகிட்ட போனைக் குடுங்க. அம்மா, காலையில என்ன சாப்பிட்டீங்க?' பெரியம்மா 'ரெண்டு... இட்லி... கண்ணு' என்று சொல்லுக்குச் சொல் நிறுத்தி மூச்சு எடுத்தால் அதுதான் பதில். உடனே 108.

இந்தக் காதும் நாக்கும் இங்கிலீஷ் கேள்வித்தாளை மொழிபெயர்ப்பதால் வராது. மாந்தம், உரம் விழுந்தது, சூடு பிடிச்சது, உள்ஜுரம், நெஞ்சுச் சளி என்று ஜனங்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் என்னென்ன வியாதி ஒளிந்திருக்கலாம் என்று ஒரு அகராதி வேண்டும். மருத்துவக் கல்லூரிக்காரர்களும் மொழிக்காரர்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம். ஆயிரக்கணக்கில் கலைச்சொல் உருவாக்கியிருக்கிறோம். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல அவை உதவுகின்றன. நோயாளி சொல்வதை டாக்டருக்குச் சொல்ல ஒன்றும் காணோம்.

104-க்கு ஒரு சபாஷும் போட வேண்டும். 2021-லிருந்து நீட் எழுதிய பிள்ளைகளை ஆலோசகர்கள் தாங்களே போன் செய்து கூப்பிட்டுப் பேசினார்கள். சென்னை டி.எம்.எஸ். வளாகத்திலிருக்கும் 104 மையத்தில் இதற்காகவே ஆட்களை உட்கார வைத்தார்கள். மனசு உடைந்தவன் எண்ணைத் தேடிக் கூப்பிட மாட்டான் என்று புரிந்து செய்த காரியம். அரசாங்க போன் என்றால் நாம் அடிக்க, அது எடுக்காமல் இருப்பது என்றே பழகிய நமக்கு, அது நம்மைக் கூப்பிடுவது புதுசு.

ஆனால் ஆண்டுக்கொரு தடவை 'இத்தனை லட்சம் பேர் பயன்பெற்றனர்' என்று வரும் செய்தி எனக்குப் போதவில்லை. பயன்பெற்றனர் என்றால் போன் செய்தனர் என்று அர்த்தம். 2020 மார்ச்சில் இங்கிலாந்தின் 111-க்கு ஏறக்குறைய 30 லட்சம் அழைப்புகள் வந்தன. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், காத்திருந்து அலுத்துப்போய் வைத்துவிட்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்? அவர்களே வெளியிட்டார்கள். மாதாமாதம் வெளியிடுகிறார்கள். எத்தனை அழைப்பு, எத்தனை பேர் பாதியில் வைத்தார்கள், எத்தனை பேருக்கு ஆம்புலன்ஸ் போனது. நமக்கும் அந்த ஒரு பக்கம் போதும். கூடவே, ஆலோசனை கேட்டவர்களில் நூறு பேரை மறுநாள் திரும்பக் கூப்பிட்டு 'இப்ப எப்படி இருக்கு' என்று விசாரித்து எழுதி வைக்கட்டும்.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். நீங்கள் கூப்பிடுவதானால் சில விஷயங்கள். நெஞ்சில் பாரம், வேர்வை, முகம் ஒரு பக்கம் கோணல், பேச்சுக் குழறல், வலிப்பு, நினைவில்லை என்றால் 104 வேண்டாம், நேரே 108. மற்றதற்கு 104 அடிக்கும்போது வியாதியின் பெயரைச் சொல்லாதீர்கள், என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். வயசு, எத்தனை நாளாக, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், இதெல்லாம் கையில் இருக்கட்டும். மாத்திரை அட்டையைப் பார்த்தே படியுங்கள், 'வெள்ளை கலர், சின்னது' என்றால் யாருக்கும் புரியாது. சின்னக் குழந்தை என்றால் கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனது என்று கேட்பார்கள். உடம்பில் நீர் வற்றிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான். அந்தப் பதில் வீட்டில் பெரும்பாலும் பாட்டிக்குத்தான் தெரியும். போனை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.