கூட்டைவிட்டு இறங்கிய பிறகு

பறவை பார்ப்பவர்களில் கூடு தேடுகிறவர்கள் ஒரு ரகம். திறந்த வாய்களோடு குஞ்சுகள் இருக்கிற ஒரு படம் கிடைத்துவிட்டால் அந்தப் பருவமே அவர்களுக்கு முடிந்தது. என் கட்சி வேறு. குஞ்சு கூட்டைவிட்டு இறங்கிய பிறகுதான் கச்சேரி களைகட்டும்.

செம்மீசைச் சின்னானையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவில் டிசம்பர் முதல் மே வரை அதற்குக் குடும்பக் காலம். வீட்டுச் செம்பருத்தியிலோ இட்லிப்பூச் செடியிலோ குச்சியும் புல்லும் பின்னி ஒரு கிண்ணம் கட்டும். காகிதத் துண்டு, கிழிந்த பிளாஸ்டிக் பைகூட அதில் செருகியிருக்கும். இலையைத் தைத்துக் கூடு செய்கிற தையல்சிட்டின் நேர்த்திக்கு முன்னால் இது அவசர வேலைதான். ஆனால் பிள்ளை வளர்ப்பில் சின்னானைக் குறைசொல்ல முடியாது.

இரண்டு மூன்று முட்டைகள். 12 நாள் அடை, பொரித்தபின் ஏறக்குறைய இன்னொரு 12 நாள் கூட்டில். முதலில் புழுவும் பூச்சியும். வளர வளரப் பழம். இரையை விழுங்கியதும் குஞ்சு திரும்பிப் பின்புறத்தைத் தூக்கும். வெள்ளைச் சவ்வுப் பைக்குள் எச்சம் வரும். அதற்காகவே காத்திருக்கும் தாயோ தகப்பனோ அலகால் வாங்கி விழுங்கிவிடும். இல்லையென்றால் தூக்கிக்கொண்டு பறந்துவிடும். இதற்கு முகம் சுளிப்பவர்கள் பிள்ளை வளர்க்காதவர்கள்.

இறங்கிய குஞ்சுக்குச் சரியாகப் பறக்க வராது. வால் குட்டை. கன்னத்துச் சிவப்பு இன்னும் ஏறவில்லை. வாலடியும் வெளிறிய ஆரஞ்சு. பெரியது ஒன்று புழுவைக் கிளையில் இரண்டு தட்டு தட்டி எடுத்துக்கொண்டு, எட்டாத தூரத்தில் போய் உட்காரும். குஞ்சு இறக்கையை நடுக்கிக்கொண்டு கத்தும். பெரியது அசையாது. தடுமாறித் தாவி வந்தால்தான் புழு. அடுத்த முறை இன்னும் ஒரு கிளை தள்ளி உட்காரும். அடம் தாங்காமல் இருந்த இடத்துக்கே வந்து ஊட்டிவிடுகிற இளகிய மனசுக்காரர்களும் உண்டு.

செம்போத்து செடிக்கடியில் நடந்து வந்தால் எல்லாம் மாறும். பெரியவற்றின் குரல் கறாராகும்; கத்திக்கொண்டிருந்த குஞ்சு சட்டென்று அடங்கும். சில சமயம் சின்னான் அடிபட்டதுபோல் இறக்கையை இழுத்து நடித்து, எதிராளியைத் தன் பின்னால் கூட்டிப்போகும். தவிட்டுக்குருவிகளுக்கு இந்த நாடகமெல்லாம் தெரியாது. கூட்டமாக வந்து கத்தியே விரட்டும். அங்கே பெற்றவர் யார், சித்தப்பா யார் என்று நமக்குப் பிடிபடாது. எல்லாருமே ஊட்டுவார்கள், அக்காக்குயில் ஏமாற்றி இட்டுப்போன முட்டையின் பிள்ளைக்கும் சேர்த்து.

இந்த நாள்களில்தான் நல்ல மனசுக்காரர்களின் தொல்லையும் அதிகம். தரையில் குஞ்சைக் கண்டதும் அட்டைப்பெட்டி தேடுகிறார்கள். இறகு முளைத்த குஞ்சு பெரும்பாலும் அநாதை அல்ல. பெற்றோர் பக்கத்துக் கிளையில், வாயில் புழுவோடு, நீங்கள் எப்போது நகர்வீர்கள் என்று காத்திருக்கும். பூனை நடமாட்டம் இருந்தால் குஞ்சை எடுத்துப் புதரின் மேல் வையுங்கள். பிறகு வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள்.