நகம் தடுக்கும் இடம்

பழைய புல்லட்டின் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்சுவர் கண்ணாடிபோல மின்னும். அழகாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. அந்த மினுமினுப்புதான் தேய்மானம். சுட்டுவிரலை உள்ளே விட்டு, நகத்தை மேல் விளிம்பு நோக்கி இழுத்துப் பாருங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் தடுக்கும். பிஸ்டனின் மேல் ரிங் ஏறி இறங்கும் எல்லை அது. அதற்குக் கீழே இரும்பு தேய்ந்திருக்கிறது. மேலே பிறந்தபடியே நிற்கிறது. நகம் லேசாக வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். படியில் கால் இடறுவதுபோல இடறினால், சிலிண்டரைத் துணியில் சுற்றி லேத் பட்டறைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

எஞ்சின் வேலையில் எதை நாமே செய்வது, எதைப் பட்டறைக்குக் கொடுப்பது என்பதைப் பலரும் காசுக் கணக்காகவோ வீறாப்பாகவோ பார்க்கிறார்கள். எனக்கு அது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம். கச்சேரியில் பாடகர் எந்த இடத்தில் நிறுத்தி வயலினுக்கு விடுகிறார் என்று காத்திருப்போம் அல்லவா, அதுபோல, கை எங்கே ஒதுங்கி எந்திரத்துக்கு வழிவிடுகிறது என்று பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு.

அதற்கு ஏற்ற எஞ்சின், வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த 350 சிசி புல்லட்டுடையது. 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து என்பீல்ட் இந்தியாவைத் தொடங்கியது. அன்று வந்த அடிப்படை வடிவம் அரை நூற்றாண்டு தாண்டியும் திருவொற்றியூரில் பெரிதாக மாறவில்லை. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணம் 90. ஒரே பிஸ்டன், இரண்டே வால்வு, கியர் பெட்டி தனி. திண்ணையில் சாக்கை விரித்து, எஞ்சினின் மேல்பாதியைப் பிரித்துப் பரப்பிவிடலாம்.

பிரிப்பதற்கு முன்பே கைக்கு வேலை இருக்கிறது. கிக்கரை மெதுவாக அமுக்கினால், கம்ப்ரஷன் வரும் இடத்தில் காலை எதிர்த்து நிற்க வேண்டும். நிற்காமல் நழுவினால், பிளக் துளை வழியே ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அமுக்கிப் பாருங்கள். எதிர்ப்பு கூடினால் கோளாறு ரிங்கிலோ சிலிண்டரிலோ. கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வில். ஒரு கரண்டி ஆயில் சொல்லும் இந்தச் சேதியைக் கேட்காமலேயே எஞ்சினைப் பிரித்துப் போடுகிறவர்கள் நிறைய.

வால்வு உட்காரும் இடத்தைப் பசை தடவித் தேய்ப்பது முழுக்கக் கைவேலை. உறிஞ்சு ரப்பர் வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மோர் கடைவதுபோல முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். முதலில் சொரசொரவென்று கத்தும். போகப்போகச் சத்தம் அடங்கி, பட்டு உரசுவதுபோல ஆகும். துடைத்துப் பார்த்தால் வால்விலும் அது உட்காரும் சீட்டிலும் அறுபடாத சாம்பல் வளையம் தெரியும். போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு சொட்டும் கசியாவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் சீட் குழிவிழுந்திருந்தாலோ, வால்வின் தண்டு கைடுக்குள் ஆடினாலோ, எவ்வளவு தேய்த்தாலும் வளையம் சேராது. அங்கே விடாப்பிடியாகத் தேய்ப்பவர் நல்ல வால்வையும் கெடுக்கிறார். குச்சியைக் கீழே வைக்கத் தெரிவதும் கைத்திறன்தான்.

இனி லேத். தச்சர் அங்குலத்தை எட்டாக்கி ஒரு பங்கை ‘நூல்’ என்பார். லேத்காரர் அதே அங்குலத்தை ஆயிரமாக்கி ‘தௌ’ என்பார். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் விடும் இடைவெளி தலைமயிரின் கனம் அளவே. அதில் கொஞ்சம் குறைந்தால் சூட்டில் விரிந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கூடினால் ஓடும்போது தடதடக்கும். இந்த அளவுக்கு நகம் காணாது. பிஸ்டன் முன்சுவரிலும் பின்சுவரிலுமே சாய்ந்து உரசுவதால் துளை முட்டை வடிவமாகவும் போயிருக்கும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

கோவையில் ஒரு சின்னப் பட்டறைக்குச் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போனேன். பெரியவர் என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

“பிஸ்டன் எங்க கண்ணு?”

“போர் பண்ணிப்போட்டு அப்புறமா வாங்கிக்கலாமுங்க.”

“சட்டையத் தெச்சு வெச்சுப்போட்டு, அப்புறம் ஆளத் தேடுவியா?”

பிஸ்டனோடு மறுநாள் போனேன். அவர் மைக்ரோமீட்டரில் அதன் பாவாடைப் பகுதியை அளந்து, அந்த அளவுக்கேற்ப உளியை அமைத்தார். போரிங்கில் முழு அளவையும் எடுக்காமல் சொற்பம் மிச்சம் வைத்தார். அது ஹோனிங் கல்லுக்கான பங்கு. கல் சுழன்றபடியே ஏறி இறங்க, சுவரில் கீறல்கள் ஒன்றையொன்று வெட்டி, கோரைப்பாய்ப் பின்னலாக விழுந்தன. வழுவழுப்பாக விடாமல் மெனக்கெட்டுக் கீறுவானேன்? அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். புது ரிங்கும் அதில் உரசித்தான் சுவரோடு இழையும்.

அதே பட்டறையில் பார்த்த இன்னொரு காட்சி மனதை விட்டுப் போகவில்லை. புல்லட்டின் கிராங்க் இரண்டு கனத்த சக்கரங்களை ஒரு பின் கொண்டு கோத்தது. கோத்த பிறகு இரண்டு பக்கத் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பெரியவர் அதை முனைகளுக்கு இடையே ஏற்றி, இருபுறமும் டயல் கேஜ் வைத்து, கையால் மெல்லச் சுழற்றினார். முள் ஊசலாடியது. சக்கரத்தில் ஓர் இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, கீழே இறக்கி, செம்புச் சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. மறுபடி ஏற்றினார், சுழற்றினார், பார்த்தார். டயலில் ஒரு கோடு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஊசலாட்டம் இரண்டு கோட்டுக்குள் அடங்கும்வரை அடியும் அளவும் மாறிமாறி நடந்தன. எந்திரத்திடம் கொடுத்துவிட்டதாக நான் நினைத்த வேலையின் நடுவிலும் ஒரு கைதான் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு பலமாக அடிப்பது என்பதைக் கேஜ் சொல்வதில்லை.

அன்றிலிருந்து என் கணக்கு எளிது. தவறினால் திரும்பச் செய்யக்கூடியது என் வேலை: கேஸ்கட், டைமிங், ரிங்கைச் சிலிண்டரில் நுழைத்து முனை இடைவெளி பார்ப்பது, கழுவுவது. சீவிய இரும்பு திரும்ப ஒட்டாது. சீவுவதெல்லாம் பட்டறை வேலை. பதறாத காரியம் சிதறாது. ஆனால் பட்டறையிலிருந்து வந்ததை அப்படியே மாட்டிவிடவும் கூடாது. ஹோனிங் கல்லின் துகள் அந்தப் பாய்ப்பின்னலில் ஒளிந்திருக்கும். பெட்ரோலுக்கு அது முழுதாக வெளியே வராது. சோப்பும் சுடுதண்ணீரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைத்து, உடனே ஆயில் பூச வேண்டும். புது போரிங் சீக்கிரமே தேய்ந்துவிட்டது என்று லேத்காரரைத் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் இந்தத் துணியைப் பார்த்திருப்பார்கள்?

எல்லாம் மாட்டிய பிறகு கடைசியாக டேப்பட். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க வேண்டும். இந்தப் புல்லட்டுக்கு இங்கே கேஜ் வேண்டாம். புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்து உருட்டினால் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் ஆடக் கூடாது. நட்டை இறுக்கும்போது அளவு கொஞ்சம் நகர்ந்துவிடும். தளர்த்தி, திருகி, இறுக்கி, மறுபடி உருட்டிப் பார்க்கிறேன். நாலாவது தடவையில் சுழன்றது, ஆடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மூடியை மாட்டினேன்.