தாகூர்: ஒரு குடும்பப்பெயரும் அதன் தமிழ் வடிவமும்

இரவீந்திரநாதரின் (1861–1941) குடும்பப்பெயரைத் தமிழர் ‘தாகூர்’ என்றே எழுதிப் பழகிவிட்டனர். கொல்கத்தாவில் அதன் ஒலி வேறு. வங்காளிகள் முதலெழுத்தை மூச்சொலியோடு கூடிய நாவளை டகரமாக ஒலிப்பர். இடையில் வரும் ககரம் வல்லொலி. தமிழெழுத்தில் இதனை ஏறத்தாழ ‘டாக்குர்’ எனக் காட்டலாம்.

நம் வடிவத்தை ஆங்கில எழுத்தின் பெயர்ப்பென முழுமையாகக் கொள்ள இயலாது. அவ்வாறாயின் மலையாளத்தில் எழுதப்படுவதுபோல் ‘டாகோர்’ என அமைந்திருக்கும். ஊகாரம் வங்க ஒலியைத் தழுவியது. உயிரிடையில் மெலிந்தொலிக்கும் தனிக் ககரம் ஆங்கில வடிவத்தைத் தழுவியது. தகரமோ இரண்டையும் தழுவவில்லை. டகரம் மொழிமுதலாகாது என்னும் தொல்காப்பிய மரபு இங்குத் தொழிற்பட்டிருக்கலாம். ஆயினும் டாக்டருக்கும் டிக்கெட்டுக்கும் இடங்கொடுத்துவிட்டு, இப்பெயருக்கு மட்டும் இலக்கணம் காட்டுவது பொருந்துமா? தெலுங்கில் நாவளை மூச்சொலி காக்கப்பட்டுள்ளது. அதற்குரிய எழுத்து அங்கு உண்டு.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒலியிழப்பினும் பொருளிழப்பே பெரிது. இக்குடும்பத்தின் பழைய பெயர் குசாரி. கோவிந்தபூரில் குடியேறிய முன்னோரை, அந்தணர் என்பதால் அக்கம்பக்கத்தார் ‘டாக்குர்’ என விளித்தனர் என்றும், ஆங்கில வணிகர் வாயில் அது திரிந்தது என்றும் குடும்ப வரலாறு கூறும். வங்கத்தில் அச்சொல் இன்றும் பொதுப்பெயராக வழங்குகிறது. தெய்வமும் தெய்வத் திருவுருவும் டாக்குர். சமையல் செய்யும் அந்தணரும் டாக்குர். தந்தையைப் பெற்ற பாட்டி ‘டாக்குர்மா’, கணவனின் தம்பி ‘டாக்குர்போ’. துர்க்கா பூசை நாள்களில் பந்தல்தோறும் சென்று ‘டாக்குர் பார்ப்பது’ நகரத்தார் வழக்கம். இந்தச் சொற்கூட்டத்தின் நடுவில்தான் ‘ரவி டாக்குர்’ என்னும் வழக்கு நிற்கிறது. அதில் உரிமையும் உண்டு, வழிபாடும் உண்டு. சோடாசாங்கோவில் உள்ள குடும்ப மாளிகையை ‘டாக்குர்பாடி’ என்பர். கோயிலுக்கும் அதுவே பெயர். ‘தாகூர் இல்லம்’ என்று பெயர்த்தால் முகவரி கிடைக்கும். அந்த இரட்டைப் பொருள் கிடைக்காது.

இவ்வளவும் கூறுவது தாகூரை நீக்குவதற்காக அன்று. கவிஞரே ஆங்கிலத்தில் ஒருவகையாகவும் வங்கத்தில் வேறுவகையாகவும் கையொப்பமிட்டவர். பந்தோபாத்தியாயரும் பானர்ஜியும் அருகருகே வழங்கும் நகரம் அது. நூல்முகப்பிலும் நூலகப் பட்டியலிலும் நிலைபெற்ற வடிவமே இருக்கட்டும். பொதுப்பெயராக வருமிடத்தில் மட்டும் ‘தாகூர்’ எழுதலாகாது. எழுதினால் சமையற்காரரும் கவிஞரின் உறவினராகிவிடுவார். அங்கு இடத்திற்கேற்பச் சாமி, ஐயர், பாட்டி எனத் தமிழாக்குவதே தகும். கதைமாந்தர் பேச்சில் ‘ரவி டாக்குர்’ வந்தால் அதனை அவ்வாறே விடலாம், அதே பக்கத்தில் ஆசிரியர் கூற்றில் தாகூர் என வரினும்.