வில்லையும் நிற்கும் இடமும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் ஒரு மார்கழி விடியற்காலை. கரைவலையின் இரு கயிறுகளையும் பற்றி இரண்டு வரிசைகளில் மனிதர் இழுத்துக்கொண்டிருந்தனர். மணலில் குதிகாலை ஊன்றி, உடலைப் பின்னே சாய்த்து, அம்பாப் பாட்டின் அடிக்கு அடி ஒரு முழம் கயிறு கரையேறியது. சற்றுத் தொலைவில், மணல்மேட்டின் மீது, தலைநகரிலிருந்து விடுமுறைக்கு வந்த புகைப்பட ஆர்வலர் ஏழெட்டுப் பேர் முக்காலிகளை நிறுத்தியிருந்தனர். மாணவர் சிலரோடு அவ்வழியே சென்ற நாம் அவர்கள் பேச்சைக் கேட்டு நின்றோம்.

அவர்கள் தத்தம் படங்களைக் காட்டிக்கொண்டனர். லென்ஸ் எனப் பேச்சில் வழங்கும் வில்லைகளை ஒப்பிட்டனர். எவ்வில்லை படத்தின் மூலைவரை கூர்மை காக்கிறது, எது எதிரொளியில் மங்குகிறது என்றெல்லாம் வாதித்தனர். அவற்றுள் ஒன்றன் விலை, கயிறிழுப்பவர் ஒருவரின் ஓராண்டு வருவாயிலும் மிகுதியானது. வலை கரையேறும் முன்பே சூரியன் மேலேறிவிட்டது. படத்துக்குரிய ஒளி போய்விட்டது. அவர்கள் பொருட்களைக் கட்டிக்கொண்டு டொல்பின் பார்க்கும் படகை நோக்கிப் போயினர். கயிறிழுத்தவருள் ஒருவர் எம்மையும் அக்கூட்டத்தினர் என எண்ணிக் கேட்டார்: “சேர், எடுத்த படத்துல எங்களுக்கு ஒன்னு கிடைக்குமா?”

எம்மிடம் விடை இல்லை. அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

கருவியைப் பற்றிப் பேசுவதை நாம் இகழவில்லை. தச்சன் உளியைப் பற்றிப் பேசுவான். கவிஞன் யாப்பைப் பற்றிப் பேசுவான். தொழில் நுணுக்கம் அறியாத நல்லெண்ணம் கலையாகாது. ஆனால் வில்லையைப் பற்றி இவ்வளவு பேசுவோர், வில்லை செய்யாத ஒன்றை மறந்துவிடுகின்றனர்.

35 மில்லிமீற்றர் கமராவில் 50 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள வில்லை, மூலைக்கு மூலை ஏறக்குறைய 47 பாகை அளவு காட்சியைப் பிடிக்கிறது. 600 மில்லிமீற்றர் வில்லை ஏறக்குறைய 4 பாகையை மட்டுமே பிடிக்கிறது. நெடுவில்லை தொலைவைச் சுருக்கி, பின்னுள்ளதை முன்னுள்ளதோடு ஒட்டிவிடும் என்பர். உண்மை வேறு. ஒரே இடத்தில் நின்று இரண்டு வில்லைகளாலும் படமெடுத்து, முதற்படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பித்தால், பொருட்களுக்கிடையேயான அளவு விகிதம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். அவ்விகிதத்தை, அதாவது படத்தின் நோக்குநிலையை, முடிவு செய்வது வில்லை அன்று. எடுப்பவர் நிற்கும் இடம். வில்லை வெட்டுகிறது, கால்களே பார்க்கின்றன. பௌதிகத்தின் இந்த எளிய விதி கலை விமர்சனத்துக்கும் பொருந்தும் என்பது எமது கருத்து.

இந்நாட்டுப் புகைப்படக் கலையின் வரலாற்றையே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வணிக நிலையங்கள் நம் மக்களை “வகை”களாக்கி விற்றன: தேங்காய் பறிப்பவன் ஒரு வகை, தேயிலை கொய்பவள் ஒரு வகை. அந்தப் பார்வையை உடைத்தவருள் தலையாயவர் லயனல் வெண்ட். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த அவர் சட்டம் பயின்றவர். பியானோ இசையில் தேர்ந்தவர். 1929இல் கொழும்பில் தூதராய் இருந்த பாப்லோ நெரூடாவின் நண்பர். 1934இல் வெளிவந்த ‘இலங்கைப் பாடல்’ என்ற பசில் றைற்றின் ஆவணப்படத்தில் ஒலிப்பது அவர் குரலே. 1943இல் தோன்றிய ‘43 குழு’ ஓவியர்க்கு அவர் பெருந்துணை. கமராவை அவர் பொழுதுபோக்காகவே கையில் எடுத்தார். இன்றைய ஆர்வலர்க்கு அவர் முன்னோர் என்பதில் ஐயமில்லை.

வெண்டின் படங்களில் உழைக்கும் உடலுக்கு அழகும் கண்ணியமும் உண்டு. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இது சிறிய காரியமன்று. ஆயினும், அவர் படங்களில் ஒளி தழுவும் அந்த மேனிகளில் மிகப் பலவற்றுக்கு உரியவர் யார், அவர் அன்று என்ன கூலி பெற்றார் என்பதைப் பார்வையாளர் அறியார். அழகைக் கண்ட கண் வாழ்வின் வாயிலில் நின்றுவிட்டது. வெண்டுக்கு அது எல்லை. அவருக்குப் பின் வந்தோர் பலர்க்கு அதுவே இலக்கணமாயிற்று என்பதே எமது குறை.

இக்கடற்கரையில் எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் எவ்வகையின? பொன்னிற வானத்தின் முன் கருநிழலாய் வலைஞர். உப்பளத்தின் வெண்மையில் ஒரு புள்ளியாய்ப் பெண். அலைமேல் துள்ளும் டொல்பின். நிழலுக்கு முகமில்லை. முகமில்லாதவர்க்குப் பெயர் வேண்டியதில்லை. பெயரில்லாதவர்க்குக் கணக்கும் வேண்டியதில்லை. வலைக்கும் தோணிக்கும் உரிய சம்மாட்டியின் பங்கு போக மிஞ்சியதே கயிறிழுத்தோர் பகிர்ந்துகொள்வது என்னும் செய்தி எந்தச் சூரியோதயத்திலும் தெரிவதில்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கி இன்று 900 மெகாவாற் ஆற்றலோடு நிற்கிறது. அதன் புகைபோக்கி கரையில் நெடுந்தூரம் தெரியும். ஆர்வலர் அதைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுவதற்காகவே நெடுவில்லையைத் தேடுவதை நாம் கண்டோம். 4 பாகையின் பயன் இதுதானோ!

இதே துணைக்கண்டத்தில் வேறொரு மரபும் உண்டு. 1943இல் வங்கப் பஞ்சத்தில் 30 இலட்சம் பேர் வரை மாண்டபோது, அமெச்சூர் புகைப்படக்காரராய் இருந்த இளைஞர் சுனில் ஜானா, பி. சி. ஜோஷியோடும் ஓவியர் சித்தப்பிரசாத்தோடும் கிராமங்களுக்குள் நடந்தார். அவர் படங்கள் ‘மக்கள் யுத்தம்’ இதழில் வெளியாகி, அரசு மறைக்க முயன்றதை நாட்டுக்குக் காட்டின. அவரும் நுட்பம் அறிந்த கலைஞரே. ஆனால் அவர் சென்று நின்ற இடம் வேறு.

நெருங்கி நின்றால் மட்டும் போதுமா? போதாது. 1936இல் கலிபோர்னியாவில் டொரத்தியா லாங் எடுத்த ‘குடிபெயர்ந்த தாய்’ உலகப் புகழ் பெற்றது. லாங் இரக்கமுள்ளவர், அருகில் சென்றே எடுத்தவர். ஆயினும் அந்தத் தாயின் பெயர் புளோரன்ஸ் தொம்சன் என்பதை உலகம் அறிய 1978 வரை, 42 ஆண்டுகள் சென்றன. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என அவர் மனம் கசந்து கூறினார். ஆகவே படத்தை எடுத்தலோடு கடமை முடிவதில்லை. அது யாரிடம் திரும்பிச் செல்கிறது என்பதும் கலையின் கேள்வியே.

புத்தளத்தில் இக்கேள்விக்குத் தனிக் கூர்மை உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். உடுத்த உடையும் கையில் கிடைத்ததுமே அவர்கள் கொணர்ந்தவை. எம் மாணவி ஒருத்தியின் உம்மும்மா அவ்வாறு வந்தவர். திருமணப் படமும் குழந்தைகளின் படங்களும் பூட்டிய வீட்டிலேயே நின்றுவிட்டன. பின்னர் அகதி முகாமில் இறந்த கணவரின் முகம், அடையாள அட்டையில், தபால் முத்திரையளவில் மட்டுமே எஞ்சியது. அதைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்; பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் கலைந்து புள்ளிகளாயிற்று. மூலைவரை கூர்மை தேடும் நண்பர்கள் அந்தச் சுவரை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மணல்மேட்டுக் கூட்டத்தைப் பற்றி நாம் சொன்னபோது அவர் சிரித்தார்: “கடல நாங்க தினமும் பாக்குறோம், மகன். எங்கள யாரு பாக்குறா?”

ஒரு நாட்டில் படங்கள் பெருகிக் கிடக்க, அவற்றில் தோன்றும் மக்களின் வீட்டில் ஒரு படமும் இல்லாதிருப்பது வெறும் தற்செயல் அன்று. உழைப்பின் பயன் உழைப்பவனிடம் சேராத அதே சமுதாய ஒழுங்கு, அவன் முகத்தின் பயனையும் அவனிடம் சேர்ப்பதில்லை. கயிற்றின் மறுமுனையில் மீன் போவதுபோல், கமராவின் மறுமுனையில் உருவம் போய்விடுகிறது.

ஆர்வலர்க்கு நாம் கூறுவது இதுவே. நல்ல வில்லையை வாங்குங்கள், பழுதில்லை. ஆனால் மணல்மேட்டிலிருந்து இறங்கி வாருங்கள். வலை கரையேறும்வரை காத்திருங்கள். மீன் பங்கிடப்படுவதையும் பாருங்கள். அனுமதி கேளுங்கள், பெயர் கேளுங்கள், அவர் விரும்பினால் படத்தின் கீழ் அதை எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது அச்சிட்ட படி ஒன்றைக் கொணருங்கள்.

சென்ற தவணையில் எம் மாணவர் கைத்தொலைபேசியால் பன்னிரண்டு வீடுகளில் படமெடுத்து, அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தனர். மூலைகளில் கூர்மை இல்லைதான். உம்மும்மா தம் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கணவரின் கலைந்த முகத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். ஆணி அடித்த மாணவி கேட்டாள்: “கரைவலைக்காரங்களுக்கு எப்ப குடுக்கப் போறோம், சேர்?”

அடுத்த மார்கழிக்குள் கொடுத்தாக வேண்டும்.