இலையும் எலையும்

ஓர் இலையின் படம். அதனருகே கொட்டை எழுத்தில் 'இ'. நாம் கண்ட அரிச்சுவடிகளில் பெரும்பாலானவற்றின் மூன்றாம் கட்டம் இவ்வாறே அமைந்திருக்கிறது. பங்கு மழலையர் பள்ளி ஒன்றில் நாம் ஒரு காலைப் பொழுது அமர்ந்திருந்தபோது, ஆசிரியை அந்தப் படத்தைச் சுட்டி, "இது என்ன?" என்றார். "எலை" என்றது நான்கு வயதுக் குழந்தை. "அப்போ என்ன எழுத்து, கண்ணு?" என்று கேட்டார். "எ" என்று தயக்கமின்றி வந்தது விடை. வகுப்பு சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டு, "எலை இல்லப்பா, இலை. நல்லாப் பார்த்துச் சொல்லு" என்று திருத்தினார். குழந்தை மறுபடியும் படத்தைப் பார்த்தது. அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கேட்க வேண்டியதை அது முன்னரே சரியாகக் கேட்டுவிட்டதே!

கவிதைத் தொகுதிக்கும் நாவலுக்கும் பக்கம் பக்கமாகத் திறனாய்வு எழுதும் நாம், அரிச்சுவடியை ஒரு நூலாகக் கருதுவதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த அநேகமாக எல்லாரும் படித்த நூல் அது. ஒருவரும் விமரிசிக்காத நூலும் அதுவே. படம் தெளிவாக இருக்கிறதா, தாள் கிழியாமல் இருக்குமா என்பதற்கு மேல் நாம் கேட்பதில்லை. அக்காலை நேரத்திற்குப் பின், சில அரிச்சுவடிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றின் சொற்களைக் குழந்தையின் வாயால் உச்சரித்துப் பார்த்தோம்.

இலை 'எலை' ஆவது ஒரு குழந்தையின் மழலைப் பிழை அன்று. பேச்சுத்தமிழில் சொல்லின் முதலில் இகரம் நின்று, அடுத்த எழுத்து அகரமோ ஐகாரமோ ஏறியதாக இருந்தால், அந்த இகரம் பெரும்பாலும் எகரமாகத் தாழ்ந்து ஒலிக்கும். இடம் 'எடம்' ஆகும். இறகு 'எறகு' ஆகும். கடலோரப் பங்கில் இறாலைக் காட்டிப் பயனில்லை. அதுவும் 'எறா' தான். உகரத்திற்கும் இதே கதி. உரல் 'ஒரல்', உலக்கை 'ஒலக்கை', உடம்பு 'ஒடம்பு'. படித்தவர்களும் வீட்டில் இவ்வாறே பேசுகிறார்கள். மறையுரை மேடையை விட்டு இறங்கியதும் அருட்தந்தையரும் இவ்வாறே பேசுகிறார்கள். இஃது ஒழுங்கான ஒரு விதி. அந்த விதி நன்றாகப் படிந்துள்ள குழந்தையின் செவிக்கு, 'இ'யின் கீழ் இருக்கும் இலையும் 'எ'யின் கீழ் இருக்கும் எலியும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. 'உ'வின் கீழ் இருக்கும் உரலோ 'ஒ'வின் கீழ் இருக்கும் ஒட்டகத்தோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. பன்னிரண்டு உயிர்களில் இரண்டின் வாசலில் தவறான விளக்கை ஏற்றி வைத்திருக்கிறோம்.

படமும் நம்மை ஏய்க்கிறது. ஐந்து பேர் நிற்கும் படத்தைக் கண்ட குழந்தை 'ஆளுங்க' என்னுமே அன்றி 'ஐவர்' என்னாது. கோலூன்றிய ஔவையாரைக் கண்டால் 'பாட்டி'. ஆசிரியை சொல்லித் தந்த பிறகு படத்தைக் கண்டவுடன் 'ஔவையார்' என்று ஒப்பிக்கும். எழுத்தைப் படித்ததாக நாம் மகிழ்ந்துபோவோம். படத்தைக் கையால் மறைத்துவிட்டு அதே எழுத்தைக் காட்டிப் பாருங்கள்.

முற்காலத் திண்ணைப் பள்ளியைப் புகழ்வோர் உண்டு. மணலில் விரலால் எழுதவும், எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லவும் வைத்த முறை சிறந்ததே. ஆனால் சொன்னது என்ன? 'ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா'. குறில் இகரத்தின் பெயரே நெடில் ஈகாரத்தில் தொடங்கியது! இகரம், ஈகாரம் என்று பெயரிட்ட இலக்கணிகள் திண்ணை வாத்தியாரைவிடக் கூர்ந்த செவியினர் எனத் தோன்றுகிறது. இன்றைய வகுப்புகளில் எழுத்தின் பெயரை விடுத்து ஒலியையே சொல்லித் தருவது வளர்ச்சிதான். உரோமை நகரின் சான் லொரென்சோவில் 1907-இல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியும் இதையே வற்புறுத்தினார்: உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவ வேண்டும், தடவும்போது அதன் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்ல வேண்டும். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். அவர் பெயரைப் பலகையில் தாங்கிய பள்ளிகள் இன்று தெருவுக்குத் தெரு உள்ளன. உப்புத்தாள் எழுத்து எத்தனை பள்ளிகளில் உள்ளது என்று நாம் கேட்கப் போவதில்லை.

நம் பள்ளிகளுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. பக்தி மிகுதியால், 'இ – இயேசு' என்று கரும்பலகையில் எழுதுகிறோம். குழந்தை இரவு செபத்தில் சொல்வதோ 'ஏசு சாமி'. அதன் வாயில் இகரமே இல்லை. யகரம் ஏகாரத்தோடு கூடி மொழிக்கு முதலில் வருதல் மரபன்று. ஆகவே எழுத்தில் மட்டும் இகரம் ஊன்றுகோலாக முன்னே வந்து நிற்கிறது. ரகரமும் மொழிக்கு முதலாகாமையால் இராயப்பருக்கும் அதே ஊன்றுகோல். 'சேசு, மரி, சூசை' என்று சொல்லி வந்த நம் பாட்டிமாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. திருப்பெயரை எழுத்துப்பாடத்திலிருந்து எடுத்துவிட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

"பேச்சுமொழிக்கு இடம் கொடுத்தால் செந்தமிழ் என்னாவது?" என்று கேட்கப்படும். கேள்வி நியாயமானதே. 'இலை' என எழுதவும் வாசிக்கவும் அக்குழந்தை கற்றே ஆகவேண்டும். ஆனால் அது இரண்டாம் பாடம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவே இன்னும் பிடிபடாத வயதில், அவ்வுறவு பிறழும் சொல்லையே முதற்சான்றாக வைப்பது பயிற்றுமுறை ஆகுமா? நீதித் தலைவர்கள் நூலின் 12-ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறையில் ஒரு சொல்லின் முதல் ஒலியைச் சொல்ல வராதோர் 42,000 பேர் வெட்டுண்டதைப் படிக்கிறோம். நம் வகுப்பறையில் வாள் இல்லை, சிரிப்பு மட்டுமே. ஆயினும், அன்று சிரிப்புக்கு ஆளான அக்குழந்தை, அடுத்த படத்திற்கு வாய் திறக்கவில்லை.

வீரமாமுனிவரை (1680–1747) இவ்விடத்தில் நினையாதிருக்க இயலவில்லை. செந்தமிழுக்கு ஒன்றும் கொடுந்தமிழுக்கு ஒன்றுமாகத் தனித்தனி இலக்கணம் எழுதியவர் அவர். தாம் எவரோடு ஓயாது வாதிட்டாரோ அந்த லூத்தரன் சபையாரின் தரங்கம்பாடி அச்சகத்திலேயே 1738-இல் அவரது கொடுந்தமிழ் இலக்கணம் அச்சேறியது தனிக்கதை. அவர் காலத்தில் எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் புள்ளி ஒன்றே வேறுபாடு. ஓலையில் அப்புள்ளியை இடாது விடுவதே பெருவழக்காக இருந்தமையால், வாசிப்போர் இடம் நோக்கி ஊகித்தனர். ஊகிக்கத் தவறியோரை அவர் பழிக்கவில்லை. எழுத்தின் வடிவையே திருத்தினார். அவர் தந்த ஏகாரத்தையும் ஓகாரத்தையுமே இன்று நாம் அரிச்சுவடியில் அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாமோ எழுத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஒரு படத்தை மாற்றினால் போதும். இஞ்சி, இட்லி, இரும்பு, இடி என வீட்டிலும் ஏட்டிலும் ஒன்றாகவே ஒலிக்கும் சொற்கள் தமிழில் நிறைய உண்டு. 'ஈ' இன்னும் நல்லது. எழுத்தும் ஒலியும் சொல்லும் ஒன்றேயாய், வகுப்பறைக்குத் தானே பறந்தும் வந்துவிடும்! மாலையில் அந்த ஆசிரியையிடம் இதையெல்லாம் சொன்னோம். சற்று யோசித்தவர், நாளைக்கு ஒரு துண்டு இஞ்சி கொண்டுவருவதாகச் சொன்னார். முகர்ந்தும் பார்க்கட்டுமே என்றார். "அப்படியானால் 'உ'வுக்கு?" என்று கேட்டார்.

உப்பு என்றோம்.