ஏறிய தொலைவை அளப்பது யார்?

இராசபாளையத்து நூற்பாலைகளின் கணக்கைச் சேத்தூர் மக்கள் நன்கு அறிவர். உள்ளே சென்ற பஞ்சு எவ்வளவு, வெளிவந்த நூல் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்பதே அது. ஆலையின் திறனை எடைபோட அது போதும். இதே கணக்கைப் பல்கலைக்கழகத்துக்கும் போடலாமா? மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனம் கணக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால், எதை வரவென்றும் எதைப் பயனென்றும் கொள்வது என்பதில்தான் நீதியும் அநீதியும் பிறக்கின்றன.

நடுவண் அரசு 2016 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் தேசியத் தரவரிசையை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகங்களுக்கு அது வகுத்த பங்கீடு இது: கற்பித்தலும் வளங்களும் 30, ஆய்வு 30, தேர்ச்சி விளைவுகள் 20, அனைவரையும் அரவணைத்தல் 10, பிறர் கொண்டுள்ள மதிப்பு 10. மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கென 2024-இல் தனிப்பட்டியல் வந்தது. அதில் அண்ணா பல்கலைக்கழகம் முதலிடம் பெற்றது. தமிழகத்துக்குப் பெருமைதான். எனினும் இப்பட்டியல் அளப்பது திறனை அன்று. மாணவருக்காகச் செலவிடும் தொகை கூடினால் இங்கே மதிப்பெண்ணும் கூடும். திறன் கணக்கிலோ செலவு வகுக்கும் எண். ஆகவே பட்டியலில் முன்னிற்பது வளமே. வளத்தைப் பயன்படுத்திய திறமை அன்று.

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966-இல் தோன்றியது. விருதுநகர் மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் அதனோடு இணைந்தவை. அக்கல்லூரிகளின் மாணவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் சுமை பல்கலைக்கழகத்துடையது. தரவரிசையிலோ வளாக மாணவர்கள் மட்டுமே கணக்கில் வருகின்றனர். அரவணைப்புக்கான பத்து மதிப்பெண்ணிலும் ஏழை மாணவர்க்குக் கிடைப்பது ஒரு பகுதியே. பிற மாநில மாணவர்க்கும் அதில் பங்குண்டு. தன் வட்டார ஏழைகளுக்கே கதவு திறந்த பல்கலைக்கழகம் அதனாலேயே மதிப்பெண் இழக்கிறது!

இதனினும் நேரிய முறை ஒன்று உண்டு. சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்னும் மூவர் 1978-இல் அதனை வெளியிட்டனர். அமெரிக்காவில் வறிய குழந்தைகளுக்கான கல்வித் திட்டம் ஒன்றை மதிப்பிடும் முயற்சியில் பிறந்தது அது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதற்கு மிகச் சாதகமான நிறைகளையே கொடுத்துப் பார்ப்பது அதன் வழி. அந்த நிறைகளாலேயே வேறொரு நிறுவனம் அதனை விஞ்சினால்தான் அது திறன் குறைந்தது எனப்படும். எல்லாரையும் ஒரே கோலால் அளவாத பண்பு இதற்கு உண்டு.

எனினும் இதுவும் குறையற்றதன்று. கொடுக்கப்பட்டதை மட்டுமே அது காணும். நிரந்தர ஆசிரியர் இடங்களை நிரப்பாமல், குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளரை அமர்த்தினால் வரவு குறையும். உடனே திறன் உயர்ந்ததாகக் கணக்குக் கூறும். பட்டினியைச் சிக்கனம் என்று பாராட்டும் கணக்கு இது. இதைத் தீர்ப்பாகக் கொள்ளும் அரசு தன் கடமையிலிருந்து எளிதில் நழுவிவிடும்.

மாணவர் பஞ்சல்லர். மலையடிவாரத்திலிருந்து ஏறுபவனும் பாதி மலையிலிருந்து ஏறுபவனும் ஒரே உயரத்தில் நின்றால், இருவரும் ஏறிய தொலைவு ஒன்றாகுமா? முதல் பட்டதாரிச் சான்றிதழை நம் வருவாய்த்துறையே வழங்குகிறது. அதன்வழி, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோர் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் முடித்தனர் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கணக்கிடலாம். அவ்வெண்ணை அளவுகோலில் சேர்ப்பது அரிய செயலன்று.

ஏழ்மையைக் காட்டிச் சோம்பலை மறைக்கலாகாது. தேர்வு முடிவைத் தாமதிக்கும் பல்கலைக்கழகத்தால் முதலில் துன்புறுபவனும் அந்த ஏழை மாணவனே. ஆகவே அளவுகோலை ஒடிக்க வேண்டா. அதன் தொடக்கப் புள்ளியைச் சேத்தூர்ப் பிள்ளை புறப்படும் இடத்தில் வைத்து அளக்கச் சொல்வோம்.